கரடியாய்க் கத்தியவள்

ஆபீஸில் எல்லோரும் அவளை டேப்பக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பாட்டுக் கேட்கிற டேப் இல்லை, தச்சர்கள் இடுப்பில் செருகியிருப்பார்களே, இழுத்தால் நீண்டு விட்டால் சுருட்டிக்கொண்டு உள்ளே ஓடும் அளவு டேப். கைப்பையில் ஒன்று, மேஜை இழுப்பறையில் ஒன்று, மழைக்கோட்டுப் பையில் ஒன்று என்று மூன்று வைத்திருந்தாள். கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால்கூட எதிர்ச்சுவர் எத்தனை அடி இருக்கும் என்று கண்ணாலேயே அளந்து பார்க்கிற பெண். வயது நாற்பத்தொன்று.

முன்பு பன்னிரண்டு வருஷம் ஒரு கட்டட என்ஜினீயரிடம் வீட்டு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் திடீரென்று கடையைக் கட்டிவிட்டு மகளோடு போய்ச் சேர்ந்துகொண்டார். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், தன் வயதில் பாதி இருந்தவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் படித்தாள். அப்படித்தான் சினிமாவுக்கு கிராபிக்ஸ் செய்யும் ஒரு கம்பெனிக்கு வந்து சேர்ந்தாள். மெத்தைக் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. பகலிலும் திரை போட்டு இருட்டாக்கிய நீளமான அறை, ஏ.சி. குளிருக்கு ஆளுக்கொரு சால்வை.

அவள் வேலை இதுதான். கதையில் ஒரு கரடி வருகிறது என்று வையுங்கள். நிஜக் கரடியைக் கூட்டிவந்து, 'இங்கே நில், அங்கே பார்' என்று சொல்ல முடியாது. காலி வீட்டைப் படம் பிடித்து, கரடியைக் கம்ப்யூட்டரில் செய்து, இரண்டையும் ஒட்டுகிறார்கள். ஆனால் படம் பிடிக்கும் காமிரா ஒரே இடத்தில் சமர்த்தாக நிற்பதில்லை. தள்ளுவண்டியில் ஏறிப் பின்னால் போகும், குனியும், திரும்பும். அது திரும்பியபடியே கரடியையும் திருப்பிக் காட்டினால்தான் கரடி தரையில் நிற்கும். விரற்கடை பிசகினால் மிதக்கும், இல்லையென்றால் வழுக்கும். அதனால் நொடிக்கு இருபத்துநாலு படமென்று வரும் ஒவ்வொன்றிலும் காமிரா எந்த இடத்தில், எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் இருந்தது என்று ஒருவர் உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டும். அந்த ஒருவர் டேப்பக்கா. இந்த வேலைக்கு ஆபீஸில் ட்ராக்கிங் என்று பெயர்.

இதை ஒருநாள் தன் நாத்தனாருக்கு விளக்கிச் சொன்னாள். நாத்தனார் இவள் வீட்டுக்காரருக்கு மூத்தவர், தனி ஆள், இவர்களோடுதான் இருந்தார். பூண்டு உரித்துக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

"அப்போ காமிரா எங்க இருந்துச்சுன்னு தேடுறதுதான் உன் வேலை?"

"ஆமா அண்ணி."

"அதைப் பிடிச்சுக்கிட்டு நின்னவங்களைக் கேட்டா சொல்ல மாட்டாங்களா?"

வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நாத்தனார் கேட்டதில் துளிக்கூடத் தப்பில்லை, அதுதான் எரிச்சல்.

அந்தக் கரடிப் படத்தின் படப்பிடிப்பு ஊருக்கு வெளியே ஒரு பெரிய தகரக் கொட்டகையில் நடந்தது. உள்ளே ஒரு வீட்டுக் கூடத்தைப் பலகையால் கட்டியிருந்தார்கள். மூன்று பக்கம் சுவர். நாலாவது பக்கம் காமிராவுக்காகத் திறந்து கிடந்தது. கூரை கிடையாது. தரையில் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டடிக் கட்டங்கள், ஒட்டுப்பலகையில் பெயிண்ட் அடித்தவை. பின்சுவரில் ஒரு கதவு. அந்தக் கதவை உடைத்துக்கொண்டு கரடி உள்ளே வர வேண்டும், கூடத்தைக் கடந்து, அலமாரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கதாநாயகியைத் தேட வேண்டும். மொத்தம் பதினொரு ஷாட்.

டேப்பக்காவுக்குக் காலையில் நாற்பது நிமிஷம் கொடுத்தார்கள். நீளம், அகலம், கதவின் உயரம், ஜன்னலிலிருந்து அலமாரி எவ்வளவு தூரம் என்று முட்டி போட்டு, ஸ்டூலில் ஏறி, சுவரோரம் பல்லியாக ஒட்டி நின்று எல்லாம் அளந்தாள். நீளம் மட்டும் இருபத்தெட்டடி நாலங்குலம். ஒருமுறைக்கு மூன்றுமுறை அளந்து நோட்டில் எழுதினாள். பின்னால் கணக்குப் போட அடையாளம் வேண்டுமே என்று சுவரில் சின்னச் சின்னதாக ஆரஞ்சு நிற ஒட்டுத்தாளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினாள். அவள் இறங்கி ஸ்டூலைத் தூக்குவதற்குள் செட் அலங்காரம் பார்க்கிற ஒரு பெண் வந்து பாதியைப் பிய்த்துவிட்டாள்.

"என்ன மேடம், புதுச் சுவரு, அம்மை போட்ட மாதிரி ஆக்கிட்டீங்க?"

ஒளிப்பதிவாளர் பெரிய ஆள். அவர் நடந்தால் பின்னாலேயே நாலு பேர் நடந்தார்கள். இவள் அவர் வரும் வழியில் போய் நின்றாள்.

"சார், ஒவ்வொரு ஷாட்டுக்கும் என்ன லென்ஸ், காமிரா என்ன உயரம்னு எனக்குத் தெரியணும்."

"அதெல்லாம் என் அசிஸ்டெண்ட் எழுதிருவான்மா."

"நடுவுல ஏதாவது மாத்தினாலும் கொஞ்சம்..."

"மாத்தினா எழுதுவான். உங்க அளவெல்லாம் எடுத்தாச்சா? அப்போ கொஞ்சம் தள்ளி நில்லுங்க, லைட்டு மறைக்குது."

சாயங்காலம் வரை இருந்து பார்க்கிறேன் என்று புரொடக்ஷன் மேனேஜரிடம் கேட்டாள். அவர் ஒரு தாளைப் புரட்டினார். "உங்களுக்கு அரை நாள்தான் போட்டிருக்கு. வண்டி ஒரு மணிக்குக் கிளம்புது. அதை விட்டா ராத்திரி பேக்கப் ஆகி எல்லாரும் கிளம்பும்போதுதான் வண்டி. சாப்பாட்டு லிஸ்ட்லயும் உங்க பேரு இல்லை."

ஒரு மணி வண்டியில் ஏறினாள். ஏறியிருக்கவே கூடாது என்று பிற்பாடு எத்தனையோ தடவை தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

ஒன்பது வாரம் கழித்துப் படம் கைக்கு வந்தது. முதல் மூன்று ஷாட் சொன்ன பேச்சைக் கேட்டுப் பொருந்தி உட்கார்ந்தன. கடைசி இரண்டும் அப்படியே. நடுவில் இருந்த ஆறுதான் அவள் உயிரை வாங்கின.

அளந்து வந்த அளவை வைத்துக் கம்ப்யூட்டரில் அந்தக் கூடத்தைக் கட்டி, படத்தின் மேல் பொருத்திப் பார்ப்பாள். சுவர் சரியாக உட்கார்ந்தால் தரை வழுக்கும். தரையைப் பிடித்து உட்கார வைத்தால் சுவர் நழுவிக்கொண்டு போகும். இரண்டு பிள்ளைகளை ஒரே நேரத்தில் குளிப்பாட்டுகிற கதைதான். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று ஓடியது. அசிஸ்டெண்ட் எழுதிய லென்ஸ் கணக்கு தப்பாக இருக்கும் என்று நினைத்தாள். ஃபோன் போட்டுக் கேட்டாள். "எழுதினதுதான் மேடம்" என்றார் அந்த அசிஸ்டெண்ட், வேறு ஏதோ ஊரில் வேறு ஏதோ படப்பிடிப்பின் இரைச்சலுக்கு நடுவிலிருந்து. லென்ஸின் ஓரம் வளைவதால் இருக்குமோ என்று அதற்கு நாலு நாள் கணக்குப் போட்டாள். வளைவை நிமிர்த்தினாள். தரை இன்னும் கொஞ்சம் அதிகமாக வழுக்கியது.

தன் அளவு தப்பாக இருக்கும் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை. மூன்று தடவை அளந்தவள் அல்லவா.

ஆபீஸில் வேலை யாருக்கும் காத்திருக்காது. அவள் கொடுத்த அரைகுறைக் கணக்கை வைத்துக்கொண்டே கரடிக்காரர் கரடியை நடக்க வைக்க ஆரம்பித்தார். அவர் கம்பெனியின் மூத்த அனிமேட்டர். கரடியின் நடையைப் படிப்பதற்காக இரண்டு வாரம் மிருகக்காட்சிச் சாலை வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றவர். அவர் கரடி தோளை ஆட்டி, கனத்தை ஒவ்வொரு காலாக மாற்றிப் போட்டு அவ்வளவு அழகாக நடந்தது. ஆனால் பாதம் தரையில் பட்டதும் எண்ணெய் கொட்டிய மாதிரி சர்ரென்று ஒரு விரற்கடை நகரும். கதவுக்குள் நுழையும்போது தோள் நிலைச்சட்டத்தை ஊடுருவிக்கொண்டு வரும்.

"உங்க ட்ராக்கிங் சரியில்லை மேடம்" என்றார் கரடிக்காரர். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன மரியாதை.

"தெரியும். பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"பார்த்துக்கிட்டே இருக்கீங்க. நான் ஒவ்வொரு படமா பாதத்தை எதிர்ப்பக்கம் தள்ளி வச்சுக்கிட்டு இருக்கேன். இருநூறு படம் தள்ளியாச்சு. என் கரடி இப்போ நொண்டுது."

சூப்பர்வைசர் வந்தார். கம்பெனிக்கும் படக்காரர்களுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டுவது அவர் பிழைப்பு. கெட்டவர் இல்லை. ஆனால் யாராவது விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அவர் கண் கடிகாரத்துக்குப் போய்விடும்.

"அஞ்சு வந்துச்சுல்ல? ஆறு மட்டும் ஏன் வரலை? மத்த கம்பெனியிலெல்லாம் பட்டனைத் தட்டினா தானா வருதாமே."

"தட்டிப் பார்த்தேன் சார். காமிரா தரைக்கு அடியில மூணடி ஆழத்துல இருக்குன்னு சொல்லுது."

பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. "வியாழக்கிழமை டைரக்டர் பார்க்க வர்றார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இந்த எரிச்சல் ஆபீஸோடு நிற்கவில்லை. வீட்டுக்கு வந்தும் கையில் காப்பியை வைத்துக்கொண்டு வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் கூட்டிப் பெருக்குவதற்காகச் சாப்பாட்டு மேஜையை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டிருந்தார். குளித்துவிட்டு வந்தவள் அதன் முனையில் இடித்துக்கொண்டாள்.

"யாரைக் கேட்டு இதை நகர்த்தினீங்க?" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

நாத்தனார் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். "மேஜையை நகர்த்த மனு எழுதிப் போடணும்னு எனக்குத் தெரியாதும்மா" என்று சொல்லி உள்ளே போனவர், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எதைத் தொட்டாலும் அறிவிப்புதான். "நாற்காலியை நகர்த்தப் போறேன். அளந்தாச்சா?" "அடுப்புல இருந்து பாத்திரத்தை இறக்கப் போறேன். குறிச்சுக்கிட்டியா?"

வீட்டுக்காரர் பஸ் பணிமனையில் மெக்கானிக். அவருக்கு இவளுடைய கஷ்டம் மட்டும் நன்றாகவே புரிந்தது. "எங்க டிப்போவிலயும் இதே கதைதான். ஓட்டினவர் இடிச்சுட்டு வருவார். திட்டு ஸ்பானர் பிடிச்ச எனக்கு."

"நீங்க என்ன பண்ணுவீங்க?"

"வாங்கிக்குவேன். வேற என்ன பண்ண?"

அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, ஆபீஸில் இன்னும் யாரும் வராத நேரம். படப்பிடிப்பு அன்று தானே எடுத்த புகைப்படங்களை ஒரு திரையிலும், உருப்படாத ஐந்தாவது ஷாட்டை இன்னொரு திரையிலும் வைத்துக்கொண்டு சும்மா மாற்றி மாற்றிப் பார்த்தாள். கணக்குப் போடத் தெம்பு இல்லை. ஷாட்டில் பின்சுவரின் அடியில் நீளமாக ஒரு தரைவிரிப்பு கிடந்தது. அந்த விரிப்பின் மேல் அவளுக்கு முதல் நாளிலிருந்தே கோபம். சுவர் அடியில் ஒட்டி வைத்திருந்த இரண்டு அடையாளங்களை அது மறைத்திருந்தது. இப்போது அவள் புகைப்படத்தைப் பார்த்தாள். அதில் விரிப்பு இல்லை. கட்டங்கள் சுவர் வரைக்கும் ஓடி முட்டி நின்றன.

புதுசாக எதற்கு விரிப்பு?

எழுந்து நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். பென்சில் முனையால் திரையைத் தொட்டுத் தொட்டு அலமாரியிலிருந்து பின்பக்கமாகக் கட்டங்களை எண்ணினாள். புகைப்படத்தில் ஒன்பது கட்டம், பிறகு சுவர். ஷாட்டில் ஒன்பது கட்டம், பிறகு விரிப்பு, அதற்குப் பிறகுதான் சுவர். பெயிண்ட் அடித்த தரை அங்கே முடிந்துபோயிருக்கிறது. முடிந்த இடம் தெரியக்கூடாது என்று விரிப்பைப் போட்டு மூடியிருக்கிறார்கள்.

சுவர் நகர்ந்திருக்கிறது.

நாலு பேரிடம் கேட்டு, ஐந்தாவது ஆளிடம் அந்த செட் கட்டிய தச்சுமேஸ்திரியின் நம்பரை வாங்கினாள். அவர் ஏதோ மரக்கடையில் நின்றிருந்தார். ரம்பம் ஓடும் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசினார்.

"ஆமாம்மா, நகர்த்தினோமே! முன்பக்கம் கொட்டகைத் தூண் இடிச்சுது. தள்ளுவண்டிக்கு இடம் பத்தலைன்னு காமிரா சார் சொன்னாரு. மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும் பின்சுவரைப் பின்னால தள்ளினோம்."

"எவ்வளவு?"

"ஒன்றரை அடி. சக்கரம் வச்ச சுவர்தானேம்மா, ரெண்டு ஆளு தள்ளினா போயிரும். மறுநாள் கடைசி ரெண்டு ஷாட்டுக்குப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துட்டோம். ஏன், ஏதும் கோளாறா?"

மூன்று வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டதற்கு விடை கிடைத்துவிட்டது. சந்தோஷம் வரும் என்றுதான் எதிர்பார்த்தாள். வந்தது அழுகை. வண்டி ஒரு மணிக்குக் கிளம்பியது. சாப்பாடு முடிந்து இரண்டு மணிக்குச் சுவரைத் தள்ளியிருக்கிறார்கள். ஒரு ஃபோன், ஒரே ஒரு வரி, 'மேடம், சுவரைத் தள்ளிட்டோம்' என்று யாராவது ஒரு ஆள் சொல்லியிருந்தால் போதும். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, கம்ப்யூட்டரில் சுவரை ஒன்றரை அடி பின்னால் தள்ளினாள். ஆறு ஷாட்டும் பத்து நிமிஷத்தில் அடங்கி உட்கார்ந்தன.

பத்தரை மணிக்கு சூப்பர்வைசர் வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னாள். அவர் முழுவதையும் கேட்டார். கடிகாரத்தையும் பார்த்தார்.

"நல்லதுதான். ஆனா கரடியை ஆறு ஷாட்லயும் மறுபடி நடக்க வைக்கணுமே. முடி, நிழல் எல்லாம் முதல்ல இருந்து வரணும். வியாழனுக்குள்ள நடக்கிற காரியமா? ஒண்ணு பண்ணலாம். கரடி ஓடி வந்தா தூசி கிளம்பும்ல? பாதத்துக்கிட்ட தூசியைப் போட்டு மூடிருவோம்."

"சார், இப்போதான் சரியான கணக்கு கிடைச்சிருக்கு. அஞ்சாறு நாள் கொடுத்தா..."

"தூசியைப் போடச் சொல்லுங்க."

அவள் கரடியாய்க் கத்திப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கரடியையும் வீட்டையும் ஒட்டுகிற வேலை செய்யும் பெண் இரண்டு நாள் உட்கார்ந்து ஆறு ஷாட்டிலும் புழுதியைக் கிளப்பினாள்.

வியாழக்கிழமை டைரக்டர் வந்தார், கூடவே ஒளிப்பதிவாளரும். இருட்டறையில் பெரிய திரையில் போட்டுக் காட்டினார்கள். டேப்பக்கா கடைசி வரிசையில் மடியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். முதல் மூன்று ஷாட்டுக்கு டைரக்டர் தலையாட்டினார். நாலாவதில் நிமிர்ந்தார்.

"என்ன இது, பளபளன்னு துடைச்ச தரை. இவ்வளவு புழுதி எங்கிருந்து வருது? கதாநாயகி வீட்டைப் பெருக்கி எத்தனை வருஷம் ஆச்சு? எடுங்க அதை."

எடுத்தார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் தூசி போய்விடுமே. கரடி வந்தது. பாதம் வைத்தது. சர்ரென்று போனது.

"கரடி சறுக்கு விளையாடுதா?"

"ட்ராக்கிங்ல ஒரு சின்னப் பிரச்சனை சார்" என்றார் சூப்பர்வைசர். சொன்ன கையோடு திரும்பிப் பார்த்தார். இருட்டில் எல்லாத் தலையும் கடைசி வரிசைப் பக்கம் திரும்பியது.

வீட்டுக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. வாங்கிக்குவேன், வேற என்ன பண்ண. டேப்பக்கா எழுந்தாள்.

"பிரச்சனை ட்ராக்கிங்ல இல்லை சார். நான் அளந்துட்டுப் போன பிறகு சுவரை நகர்த்தியிருக்காங்க. யாரும் எனக்குச் சொல்லலை."

"சுவரா? எந்தச் சுவரை?" ஒளிப்பதிவாளர் நாற்காலியில் சாய்ந்தபடியே சொன்னார். "கரடிப் படம்கிறதால இவங்களும் கரடி விடுறாங்க. அப்படியெல்லாம் ஒண்ணும் நடக்கலை."

இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் முன்னால் நடந்துபோய்ப் புகைப்படத்தைத் திரையில் போட்டாள், பக்கத்திலேயே ஷாட்டையும். "இதுல ஒன்பது கட்டம், அப்புறம் சுவர். இதுல ஒன்பது கட்டம், விரிப்பு, அப்புறம் சுவர். விரிப்புக்குக் கீழ பெயிண்ட் அடிக்காத பலகை இருக்கு. கொட்டகைத் தூண் இடிச்சதால தள்ளுவண்டிக்கு இடம் பண்ணியிருக்கீங்க. தச்சுமேஸ்திரி சொன்னார்."

ஒளிப்பதிவாளர் திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஓ, அதுவா. அது ஒரு அடிதானே."

"ஒன்றரை அடி சார்."

மன்னிப்பு என்று யாரும் எதுவும் சொல்லவில்லை. டைரக்டருக்கு அதிலெல்லாம் அக்கறை இல்லை. "சரி, இப்போ எத்தனை நாள்ல சரி பண்ணுவீங்க?" என்றார். எட்டு நாள் என்றாள். ஏழு என்றார். எழுந்து போய்விட்டார்கள்.

அந்த ஏழு நாளும் அவளும் கரடிக்காரரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். முதல் நாள் முழுவதும் அவர் இருநூறு படத்தில் கையால் தள்ளி வைத்த பாதங்களையெல்லாம் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னார்: "உங்களைக் கொஞ்சம் கடுமையாப் பேசிட்டேன்."

"நானும் உங்க கரடிக்குத்தான் நடக்கத் தெரியலைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தேன். கணக்குச் சரியாப் போச்சு."

ஆறாம் நாள் மத்தியானம் ஐந்தாவது ஷாட் முழுசாக வந்தது. கரடி கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. முன்னங்காலைத் தரையில் வைத்தது. வைத்த கால் வைத்த இடத்தில் நின்றது. மேலே அத்தனை கனமும் அசைந்து, ஆடி, முன்னால் சாய, அந்தக் கால் மட்டும் கறுப்புக் கட்டத்தின் மூலையில் ஆணி அடித்த மாதிரி நின்றது. இருவரும் அதைப் பதினேழு தடவை ஓடவிட்டுப் பார்த்தார்கள். "மூச்சு விடுது பாருங்க" என்றார் கரடிக்காரர். அவர் கண் கலங்கியிருந்தது. அந்த அரைமணி நேரம் போல அந்த ஆபீஸில் அவளுக்கு வேறெதுவும் இனித்ததில்லை.

அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். படம் நீளமாகிவிட்டதென்று இரண்டு வாரம் கழித்துக் கத்தரி போட்டார்கள். ஆறில் நாலு ஷாட் போனது. போன நாலில் ஐந்தாவதும் ஒன்று. மிச்சம் இருந்த இரண்டையும் பார்த்துவிட்டு டைரக்டர் சொல்லியனுப்பினார்: ரொம்ப நிதானமாக இருக்கிறது, பயம் வரவில்லை, காமிராவைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற மாதிரி கொஞ்சம் ஆட்டிவிடுங்கள். ஆட்டினார்கள். ஆட்டின ஆட்டத்தில் கரடிக்குக் கால் இருந்ததே தெரியவில்லை.

சூப்பர்வைசர் அவள் மேஜைப் பக்கம் வந்தார். கொஞ்சம் சங்கடப்பட்டார் என்றே சொல்ல வேண்டும். "மனசுல வச்சுக்காதீங்க. சினிமான்னா இப்படித்தான்."

"சார், ஆட்டப்போறோம்னு முதல்லயே சொல்லியிருந்தா நான் சுவரைத் தேடியிருக்கவே மாட்டேன்ல?"

"அப்போ அவருக்கே தெரியாதே."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். தெரு முனை வரை நடந்தாள். மெத்தைக் கடை வாசலில் பிளாஸ்டிக் சுற்றி அடுக்கியிருந்த மெத்தைகளில் ஒன்றின் மேல், கடைக்காரர் என்னவென்று கேட்பதற்குள், ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தாள். வேலையை விடுவதாக ஒரு கடிதம் எழுதினாள். அதில் நடந்ததையெல்லாம் எழுதப் போய் அது நாலு பக்கமாகி, யார் யார் படப்பிடிப்பில் எதை எதை நகர்த்தினால் யாருக்கு எப்படிச் சொல்ல வேண்டும் என்கிற வரிசையாக மாறிவிட்டது. சரி என்று தலைப்பை மாற்றி மேலே அனுப்பினாள். 'மிக உபயோகமானது, நன்றி' என்று ஒரு வரி பதில் வந்தது. அதற்குப் பிறகு அந்த நாலு பக்கத்தை யாரும் திறந்ததாகத் தெரியவில்லை.

அடுத்த படத்துக்கும் அவளுக்கு அரை நாள்தான் போட்டார்கள். சண்டை போட்டு ஒரு நாளாக்கினாள்.

இந்தத் தடவை அவள் பெரிய ஆட்கள் வழியில் போய் நிற்கவில்லை. அளந்து முடித்ததும் செட்டுக்குப் பின்பக்கம் போனாள். அங்கேதான் இந்தப் படத்துத் தச்சுமேஸ்திரி, தள்ளுவண்டி தள்ளுகிறவர், விளக்கு தூக்குகிறவர்கள் எல்லாரும் தட்டுமுட்டுச் சாமான் நடுவே உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் நம்பர் கொடுத்து நம்பர் வாங்கினாள். எதையாவது தொட்டால், இழுத்தால், தூக்கினால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். சினிமாவில் அவர்களிடம் யாரும் அப்படி எதையும் கேட்டுக்கொண்டதில்லை போலிருக்கிறது. சந்தோஷமாகத் தலையாட்டினார்கள்.

மூன்றாம் நாள் காலையிலேயே ஃபோன் வந்தது. தச்சுமேஸ்திரிதான்.

"அம்மா, சொல்லச் சொன்னீங்களே. ஜன்னல் பக்கத்துச் சுவரை உள்பக்கமா தள்ளச் சொல்லிட்டாங்க. தள்ளியாச்சு."

அவளுக்கு வாயெல்லாம் பல். நோட்டை விரித்துப் பேனாவை எடுத்தாள். "ரொம்ப நன்றிண்ணே. எவ்வளவு தள்ளினீங்க?"

"ரெண்டு சாண்."

பேனா நின்றது. "டேப்புல எவ்வளவுண்ணே?"

"டேப்பை எங்க தேடுறது, அவசரமா நின்னாங்க. என் கையாலதான் வச்சுப் பார்த்தேன். சரியா ரெண்டு சாண், துளி கூடக் குறைய இல்லை."

"உங்க சாண் எத்தனை அங்குலம்?"

மறுமுனையில் கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார் போல.

"அதை நான் அளந்ததில்லையேம்மா."

"அளந்து சொல்லுங்கண்ணே!" என்று டேப்பக்கா போட்ட சத்தத்தில், அந்த நீளமான இருட்டறையில் சால்வை போர்த்திய தலைகள் அத்தனையும் ஒரேயடியாக நிமிர்ந்தன.